சின்னப் பட்டறைகள் சங்கத்தில் "அடுத்த பத்து வருஷம்" கூட்டம்: எப்படி நடத்தினால் உருப்படியாக இருக்கும்?

சங்க_அலுவலகம், கோவை

வணக்கம். கோவையில் சிறிய எந்திரப் பட்டறைகளுக்கான ஒரு சங்கத்தின் அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் எந்திரம்), முடிந்தால் அதிலேயே ஒரு ரகமான விஎம்சி ஒன்று வைத்துக்கொண்டு வண்டிப் பாகங்களுக்கு ஜாப் ஒர்க், அதாவது பிறர் ஆர்டருக்குக் கூலி வேலை, செய்பவர்கள். தொழில்நுட்பம் நம் தொழிலை எங்கே கொண்டுபோகும் என்று எல்லோரும் உட்கார்ந்து யோசிக்க ஒரு கூட்டம் போடச் சொல்லி செயற்குழு கேட்டிருக்கிறது.

முன்பு ஒருமுறை ஒரு ஆலோசகரை அழைத்தோம். ரோபோ, ஏஐ, மின்வண்டி என்று நன்றாகத்தான் பேசினார், கைதட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள், அதற்கப்புறம் ஒரு பட்டறையிலும் ஒன்றும் மாறவில்லை. அன்றைக்கு ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டது எனக்கு மறக்கவில்லை: "என்கிட்ட ஓடுறது வால்வு கைடுங்க. பழைய மெஷின் லோனே இன்னும் முடியல. இப்ப இன்னொரு மெஷின் எடுக்கலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க." வால்வு கைடு என்பது பெட்ரோல், டீசல் இன்ஜினுக்குள் இருக்கும் பாகம், மின்வண்டிக்கு அது வேண்டாம். அவர் கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்த மாதிரிக் கேள்விக்குப் பக்கத்திலாவது போகிற கூட்டமாக நடத்த வேண்டும். பெரிய கம்பெனிகளில் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள், அதில் நமக்கு எது ஒத்துவரும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

திட்டப்பிரிவு, சென்னை

வண்டி உற்பத்தி நிறுவனம் ஒன்றின் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன், இதுதான் என் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், "எந்தத் தொழில்நுட்பம் ஜெயிக்கும்" என்ற கேள்வியை மேடையில் ஏற்றாதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, சொல்ல முடியும் என்று வருகிறவர்கள்தான் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை ஷெல் எண்ணெய் நிறுவனத்தினுடையது. அங்கே பியர் வாக் என்பவரின் குழு 1970களின் தொடக்கத்தில் ஒரே கணிப்பைக் கொடுக்காமல், எதிர்காலம் இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்று சில கதைகளாக எழுதி நிர்வாகத்தின் முன் வைத்தது. 1973 அக்டோபரில் பீப்பாய் 3 டாலர் சுற்றி இருந்த எண்ணெய் 1974 தொடக்கத்தில் 11 டாலரைத் தாண்டியபோது, அந்த நிலைமையை ஏற்கெனவே மனதில் ஓட்டிப் பார்த்திருந்த நிறுவனமாக ஷெல் இருந்தது. விலை ஏற்றத்துக்குக் காரணமான 1973 அரபு-இஸ்ரேல் போர் வரப்போகும் தேதி அவர்களுக்குத் தெரியாது. எண்ணெய் உள்ள நாடுகளுக்கு இவ்வளவு மலிவாக விற்றுக்கொண்டே இருக்க ஒரு காரணமும் இல்லை என்பது தெரியும்.

வாக் இதை விளக்கக் கங்கையைச் சொல்வார். மலையில் பெருமழை கொட்டிவிட்டால் இரண்டு நாளில் ரிஷிகேஷிலும் அடுத்த சில நாளில் அலகாபாத்திலும் அப்புறம் காசியிலும் வெள்ளம் வரும், அது கணிப்பே இல்லை, ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்று. நம் துறையில் அப்படி ஒரு மழை பிஎஸ்-6, அதாவது வண்டிப் புகைக்கான கடுமையான விதி. பிஎஸ்-5ஐத் தாண்டி நேராக 6க்குப் போகிறோம் என்று மத்திய அரசு 2016 ஜனவரியிலேயே முடிவெடுத்துவிட்டது, அமலுக்கு வந்தது 2020 ஏப்ரல் 1. இருசக்கர வண்டிகளில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர் போய், அளந்து பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வரும் என்பதைப் புரிந்துகொள்ள நாலு வருஷம் கையில் இருந்தது.

இதற்கு நேர் எதிர், மின்வண்டி எவ்வளவு வேகமாக வரும் என்பது. 2023 ஜூனில் மின் ஸ்கூட்டர் மானியத்தை பேட்டரி கொள்ளளவில் ஒரு கிலோவாட்-மணி அலகுக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள், அந்த மாதமே விற்பனை சரிந்தது. 2025 ஏப்ரலில் சீனா மின்மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இங்கே மோட்டார் செய்பவர்கள் கையைப் பிசைந்தார்கள். நடுவில் சிஎன்ஜியில் ஓடும் பைக்கும் வந்துவிட்டது, பெட்ரோலில் எத்தனாலும் கலக்கிறது. ஆகவே கூட்டத்தில் உறுதியானது ஒரு பக்கம், உறுதியில்லாதது ஒரு பக்கம் என்று முதலில் பிரித்துவிடுங்கள். உறுதியில்லாதவற்றில் உங்கள் உறுப்பினர்களை அதிகம் அடிக்கக்கூடிய இரண்டை மட்டும் எடுத்து, அவற்றை வைத்து மூன்று நான்கு கதைகள் எழுதவையுங்கள். ஒவ்வொன்றிலும் "2032ல் எனக்கு ஷெட்யூல் (எவ்வளவு, எப்போது வேண்டும் என்ற ஆர்டர்) கொடுக்கப்போவது யார், என்ன பாகத்துக்கு" என்று அவர்களே சொல்ல வேண்டும்.

---

கணபதி_பட்டறை

மேலே சொன்ன அண்ணன் நன்றாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் 2032 கதைக்குப் போகும் முன்னால் இன்றைக்கு மெஷினில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். நாங்கள் எங்கள் பட்டறையில் அதைத்தான் செய்தோம். ஓடுகிற பார்ட் நம்பர் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இந்தப் பாகம் வண்டியில் எங்கே உட்காருகிறது என்று எழுதினோம். கேட்டால் சிரிப்பீர்கள், டிராயிங்கில் அளவும் டாலரன்சும் (அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பது) மனப்பாடம், ஆனால் சில பாகங்கள் எந்த வண்டியில் எதற்குப் போகின்றன என்பது எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, வாங்குகிற கம்பெனியின் ஆளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

அப்புறம் மூன்றாகப் பிரித்தோம். வால்வு கைடு, ராக்கர் ஆர்ம், கனெக்டிங் ராடு, கிளட்ச் ஹப் மாதிரி இன்ஜின் இருந்தால்தான் இருக்கும் பாகங்கள். பிரேக் காலிப்பர் பிஸ்டன், வீல் ஹப், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்கள் எந்த வண்டியானாலும் வேண்டும். மூன்றாவது, பெயர் அதேதான் ஆனால் வேலை மாறும் ரகம், இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோவார்கள் என்று எனக்குப் பயம். கியரை எடுத்துக்கொள்ளுங்கள். மின் காரிலும் கியர் உண்டுதான், ஆனால் மோட்டார் 10,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றுகிறது, இன்ஜின் சத்தம் இல்லாததால் கியர் கத்தினால் ஓட்டுகிறவர் காதில் நேராக விழுகிறது. அதனால் ஹார்டனிங் (சூடாக்கிக் கடினப்படுத்துவது) முடிந்தபின் பல்லை கிரைண்டிங் செய்து, அதாவது தேய்த்து, மைக்ரான் கணக்கில் முடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். கியரில் பல் வெட்டும் ஹாப்பிங் மெஷின் மட்டும் வைத்திருப்பவர் "கியர் இருக்கும்ல, நமக்கென்ன" என்று உட்கார்ந்திருந்தால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

அந்த வால்வு கைடு நண்பருக்கு என் பதில்: மெஷின் எடுங்க, ஆனா அந்த ஒரு பாகத்துக்காகவே கட்டின மெஷினா எடுக்காதீங்க. பாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சரை மாற்றினால் பம்பு ஷாஃப்ட்டுக்கும் ஹைட்ராலிக் பாகத்துக்கும் திரும்பக்கூடியதாகப் பாருங்க. விலை கூடும்தான், ஆனால் வால்வு கைடு ஆர்டர் குறைந்தாலும் இஎம்ஐ கட்ட வேறு வேலை பிடிக்கலாம்.

---

பீளமேடு_வாசி

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. பிஎஸ்-6க்கு நாலு வருஷம் இருந்தது என்கிறீர்கள். யாருக்கு இருந்தது? வண்டி கம்பெனிக்கு இருந்தது, அவர்களுக்கு நேரடியாகச் சப்ளை செய்பவர்களுக்கு இருந்தது. அவர்களுக்கும் கீழே ஜாப் ஒர்க் செய்கிற எங்களுக்கு ஷெட்யூல் குறைந்தபோதுதான் தெரிந்தது. செய்தி பேப்பரில் வந்ததுதான், ஆனால் அது என் மெஷினில் ஓடும் கார்பரேட்டர் பாகங்களான ஜெட்டையும் ஃப்ளோட் பின்னையும் தொடும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. எதிர்காலம் தெரியாமல் இல்லை, தெரிந்த செய்தி கீழே இறங்கி வருவதில்லை. ஆகவே ஒருநாள் கூட்டத்தைவிட, சங்கம் வருஷம் முழுக்க ஒரு ஆளை வைத்து அரசாணை, மானிய அறிவிப்பு, பெரிய கம்பெனிகளின் புது மாடல் எல்லாவற்றையும் படித்து, "இந்தப் பாகம் செய்கிறவர்கள் கவனிக்கவும்" என்று மாதம் ஒரு பக்கம் தமிழில் அனுப்பினாலே எங்களுக்குப் பெரிய உதவி.

---

ஐடிஐ_ஆசிரியை

கூட்டத்துக்கு முதலாளிகளை மட்டும் கூப்பிடாதீர்கள், சூப்பர்வைசரையும் நல்ல ஆபரேட்டர் ஒருவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். எந்த வேலையில் ரிஜெக்‌ஷன் ஏன் வருகிறது, எந்த அளவை இன்னும் வெர்னியரை வைத்துச் சமாளிக்கிறோம், இதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். புதுப் பாகத்துக்கு சிஎம்எம் (நுட்பமாக அளவெடுக்கும் எந்திரம்) ரிப்போர்ட் கேட்கும்போது அதைப் படித்து மெஷினின் ஆஃப்செட் (வெட்டும் கருவியின் அளவுச் சரிக்கட்டல்) திருத்தத் தெரிந்தவர் பட்டறையில் இருக்கிறாரா என்பதும் தொழில்நுட்பக் கேள்விதான். என்னிடம் படித்த பையன்கள் பலர் பட்டன் அழுத்தும் வேலையிலேயே நிற்கிறார்கள், ப்ரோக்ராம் தொட விடுவதில்லை. இருக்கிற ஆளுக்குக் கற்றுக்கொடுக்காமல் பத்து வருஷத்துக்குத் திட்டம் போடுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

---

சங்க_அலுவலகம், கோவை

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போதைக்கு மனதில் இருப்பது இது: பார்ட் நம்பர் பட்டியலை உறுப்பினர்கள் வீட்டுப்பாடமாகச் செய்துகொண்டு வரட்டும், காலையில் உறுதியானது உறுதியில்லாதது பிரிப்பு, மதியம் கதைகள், ஒவ்வொரு கதைக்கும் "இது நடக்க ஆரம்பித்துவிட்டது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்" என்று இரண்டு அறிகுறிகள். அந்த அறிகுறிகளைத்தான் மாதாமாதம் ஒரு பக்கத் தாளில் பின்தொடரப்போகிறோம், பீளமேடு நண்பருக்கு அது ஒத்துவரும் என்று நினைக்கிறேன். சூப்பர்வைசர்களையும் ஆபரேட்டர்களையும் கண்டிப்பாகக் கூப்பிடுகிறோம் டீச்சர். அழைப்பில் "அதிகம் ஓடும் ஐந்து பாகங்களின் டிராயிங்கோடு வரவும்" என்று போட்டுவிடலாமா?

---

திட்டப்பிரிவு, சென்னை

டிராயிங் வேண்டாம். அது வாடிக்கையாளருடைய சொத்து, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், வெளியே காட்டினால் உறுப்பினருக்குத்தான் சிக்கல். அதோடு ஒரே பாகத்துக்குப் போட்டி போடும் இரண்டு பட்டறைக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். கணபதி நண்பர் சொன்ன மூன்று வகையில் எதில் வருமானத்தின் எத்தனை சதவீதம் என்று மட்டும் பெயர் போடாத சீட்டில் எழுதி வாங்குங்கள். எல்லாச் சீட்டையும் கூட்டினால் இன்ஜினை நம்பி இருக்கும் பங்கு சங்கம் முழுமைக்கும் எவ்வளவு என்று அன்றைக்கே தெரிந்துவிடும், வங்கியிடமும் மாவட்டத் தொழில் மையத்திடமும் பேசப் போகும்போது அந்த எண்தான் உங்களுக்கு உதவும்.