புதுப்பிப்பு: மாவுச்சத்தைக் குறைத்ததும் வந்த தலைவலிக்குத் தீர்வு கிடைத்தது

மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டிய உணவுமுறையைத் தொடங்கிய நான்காம் நாளே தலைவலியும், சோர்வும், எழுந்து நின்றால் தலைசுற்றலும் வருவதாக எழுதி, இதைத் தொடரலாமா என்று கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலனளித்தது, உப்பைக் கவனிக்கச் சொன்னவரின் யோசனைதான். மாவுச்சத்து குறைந்து இன்சுலின் அளவு தாழும்போது சிறுநீரகங்கள் உப்பிலுள்ள சோடியத்தை வழக்கத்தைவிட அதிகமாக வெளியேற்றுகின்றன. நானோ அதே வாரத்தில் பொட்டலத் தின்பண்டங்களையும் நிறுத்தியிருந்ததால், உடலுக்குள் வரும் உப்பும் குறைந்துபோயிருந்தது. உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ எனக்கு இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்ட பிறகு, உப்பிட்ட காய்கறி சூப்பை நாளுக்கு இருமுறை குடித்தேன். இரண்டு நாளில் தலைவலி நின்றது. அதற்கு முன் தண்ணீரை மட்டும் கூட்டிப் பார்த்தது உதவவில்லை.

எதிர்பாராமல் வந்தது மலச்சிக்கல். தானியங்களோடு நார்ச்சத்தும் போய்விட்டதை நான் கவனிக்கவில்லை. கீரையைக் கூட்டியதும் சரியானது.

முதல் வாரத்தில் குறைந்த 2 கிலோவில் பெரும்பகுதி நீர்தான். கிளைக்கோஜன் என்ற வடிவில் உடலில் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருப்பதால், அது கரையும்போது எடை வேகமாக இறங்குகிறது. இரண்டாம் வாரத்தில் அரைக் கிலோதான் குறைந்தது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதால், தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.