கொடைக்கானல் ஹோம்ஸ்டே: ராத்திரி சத்தத்தை எப்படிச் சமாளிக்கிறீங்க?

மலைவீட்டுக்காரி:
வில்பட்டி ரோட்டுல வீடு. மாடியில மூணு ரூம் தினவாடகைக்கு விடறேன், கீழே நானும் அம்மாவும். போன சனிக்கிழமை நாலு பேர்னு புக் பண்ணிட்டு எட்டு பசங்க வந்து இறங்கினாங்க. ராத்திரி பதினொன்றரைக்கு வாசல்ல கேம்ப் ஃபயர், கையகல ப்ளூடூத் ஸ்பீக்கர். கீழ்ச்சரிவுல கேரட் போட்டிருக்கிற அண்ணன் டார்ச் அடிச்சுக்கிட்டே ஏறி வந்துட்டார். "நாலு மணிக்கு லோடு ஏத்தணும்மா." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

'பத்து மணிக்கு மேல் அமைதி'ன்னு கதவுல ஒட்டித்தான் வெச்சிருக்கேன். யார் படிக்கிறா? சட்டம் என்ன சொல்லுது? சத்தம் அளக்கிற மெஷின் வைக்கலாமா?

கோர்ட்டுப்பறவை:
2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி ராத்திரின்னா 10 மணியிலிருந்து காலை 6 வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. தனியார் இடத்துல ஸ்பீக்கர் போட்டா, உங்க வேலி ஓரத்துல அந்த அளவுக்கு மேல 5 டெசிபல் வரைதான் போகலாம். 12 மணி வரை தளர்வு உண்டே என்பாங்க. அது திருவிழா மாதிரி விசேஷங்களுக்கு மாநில அரசு தர்றது, வருஷத்துக்கு 15 நாள்தான். பர்த்டே பார்ட்டி அதுல சேராது.

நீலகிரி ஹோஸ்ட்:
மெஷின் வைக்கலாம். வீட்டுக்குள்ள கேமராவை, ரூம் புக் பண்ற தளமான ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30-லிருந்து தடை பண்ணிடுச்சு. டெசிபல் மட்டும் காட்டுற கருவிக்குத் தடை இல்லை. பேச்சைப் பதிவு பண்ணக் கூடாது, பெட்ரூம்ல மாட்டக் கூடாது, விளம்பரத்துலயே சொல்லிடணும். ஆனா உங்க தலைவலி வாசல்லதானே? ஹால்ல மாட்டின கருவி அதை என்ன செய்யும்?

மலைக்குளிர்ல ராத்திரி குளிர்ந்த காத்து தரையோட தங்கும். சத்தம் மேலே போகாம வளைஞ்சு பள்ளத்துக்கே இறங்கும். கேரட் அண்ணனுக்குப் பக்கத்துல பாடுற மாதிரிதான் கேட்டிருக்கும்.

நான் விறகை எண்ணித்தான் கொடுப்பேன். ஏழு மணிக்குப் பத்த வெச்சா ஒன்பதரைக்குத் தணிஞ்சிடற அளவுக்கு. கூடக் கேட்டா ஸ்டாக் இல்லை. நெருப்பு போச்சுன்னா குளிர்ல தானா உள்ளே ஓடிடுவாங்க, நீங்க வாயே திறக்க வேண்டாம்.

பக்கத்துவீட்டான்:
நான் எதிர்க்கட்சி. எங்க தெருவுல இப்படி ரெண்டு வீடு. ஒரு ஓனர் தன் நம்பரைக் கொடுத்திருக்கார், கூப்பிட்டா எடுக்கிறார். அவர் வீட்டுக்காக நான் 100-க்கு அடிச்சதே இல்லை. இன்னொருத்தர் ஊர்லயே இல்லை.

மலைவீட்டுக்காரி:
கேரட் அண்ணன்கிட்ட நம்பர் கொடுத்துட்டேன். நேத்து விறகு ஒன்பது கட்டைதான் வெச்சேன், பத்தேகாலுக்கு எல்லாரும் உள்ளே. அப்பாடான்னு படுத்தா, ஒருத்தர் காரோட நாலு கதவையும் திறந்து விட்டுப் பாட்டு போடறார். காரை நான் யோசிக்கவே இல்லை. சாவியை வாங்கி வெச்சுக்க முடியுமா என்ன?