விற்பனையாளரின் மூலநிரலைப் பார்த்தவர் கட்டற்ற டிரைவர் எழுதலாமோ?

கொக்குவில்_லினக்ஸ் கேட்டது:

இஞ்ச யாழ்ப்பாணத்தில கனக்கக் கடையள் பாவிக்கிற 80 மில்லிமீற்றர் பில் பிரின்டர் ஒண்டுக்கு, கட்டற்ற உரிமத்தில லினக்ஸ் டிரைவர் (கணினி பிரின்டரோட பேச உதவுற மென்பொருள்) எழுதத் தொடங்கியிருக்கிறம். இப்ப இருக்கிற டிரைவரில தமிழ் எல்லாம் கேள்விக்குறியா விழுது. குழுவில நாலு பேர். ஒருத்தருக்கு விற்பனையாளரின்ர விண்டோஸ் டிரைவர் மூலநிரல் (நிரலர் எழுதின, வாசிக்கக்கூடிய நிரல்) வட்ஸப்பில வந்தது, திறந்து பாத்திட்டார். இன்னொருத்தர் வேலை செய்யிற கம்பனிக்கு அதே மூலநிரல் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தோட வந்தது, அவர் அதில வேலையும் செய்தவர். மற்ற ரெண்டு பேரும் பாக்கேல்ல. பாத்ததே குற்றமோ? பாத்த ரெண்டு பேரும் எழுதலாமோ? விஷயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நல்லூர்_நிரலர்:

பதிப்புரிமையை மட்டும் எடுத்தால், பாக்கிறது மீறல் இல்லை. எங்கட 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்குக் காப்புக் குடுக்குது. ஆனால் அதே சட்டத்தின்ர 8ஆம் பிரிவு எண்ணம், செய்முறை, இயங்குமுறைக்குக் காப்பு இல்லை எண்டு சொல்லுது. பிரச்சினை பிறகு எழுதேக்கதான் வரும். பாத்தவரின்ர கை தன்பாட்டில அதே மாதிரி சார்புகளைப் பிரிக்கும், அதே மாறிப் பெயர் வைக்கும். மூல டிரைவரில இருந்த பிழை உங்கட டிரைவரிலயும் இருந்தால் அதைவிட வேற சாட்சி தேவையில்லை.

இதுக்கு அமெரிக்காவில 1992இல முடிஞ்ச கொம்பியூட்டர் அசோசியேற்ஸ் - அல்டாய் வழக்கைப் படியுங்கோ. கொம்பியூட்டர் அசோசியேற்ஸில இருந்து விலகிவந்த ஒருத்தர் அல்டாயின்ர மென்பொருளில கிட்டத்தட்ட 30 சதவீதத்தைப் பழைய நிரலில இருந்து எடுத்துப் போட்டிட்டார். முதலாளிமாருக்கு இது தெரியாது. தெரிஞ்ச உடன அவரை விலக்கி, அதைத் தொடாத எட்டுப் பேரை வைச்சு அந்தப் பகுதியைத் திரும்ப எழுதினவை. பழைய பதிப்புக்கு 3,64,444 டொலர் நட்டஈடு கட்டவேண்டி வந்தது. திரும்ப எழுதின பதிப்பு பதிப்புரிமை மீறல் இல்லை எண்டு தீர்ந்தது. அதால ஒருத்தர் படிச்சுக் குறிப்பு எழுத, பாக்காதவர் அந்தக் குறிப்பைப் பாத்து நிரல் எழுதினால் உங்களுக்குப் பாதுகாப்பு.

பண்ணைக்கடல்:

மேலே சொன்ன கடைசி வரியை அப்படியே செய்துவிடாதீர்கள். குறிப்பு எழுதும் முறை பதிப்புரிமைக்குத்தான் மருந்து. ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்கு அது மருந்தே இல்லை. ஒப்பந்தத்தின் கீழ் பார்த்தவர் குறிப்பு எழுதிக் கொடுப்பதுதான் ரகசியத்தை வெளியிடுவது. அது ஒப்பந்த மீறல். புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவும், வெளியிடப்படாத தகவல் என்ற வகையில், குறுக்கே வரும்.

வட்ஸப் கோப்பு இன்னும் மோசம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவை ஒருமுறை வாசியுங்கள். அதிகாரமில்லாமல் கணினியிலிருந்து எடுக்கப்பட்ட தகவல் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், அதைப் பெறுவது, வைத்திருப்பது, தரவிறக்குவது, பிரதி எடுப்பது எல்லாம் குற்றம். அதன் பொருளை அறிந்துகொள்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே, ‘பாத்ததே குற்றமோ’ என்ற கேள்விக்கு, கோப்பு எந்த வழியால் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

அந்தத் தம்பி கோப்பை ஒருவருக்கும் அனுப்பக்கூடாது, செயற்கை நுண்ணறிவு உரையாடலில் ஒட்டி விளக்கம் கேட்கவும் கூடாது. விற்பனையாளரிடமிருந்து கடிதம் ஏதாவது வந்திருந்தால், அழிப்பதற்கு முன் சட்டத்தரணியைப் பாருங்கள். கடிதம் வந்த பிறகு அழித்தால் சாட்சியத்தை அழித்ததாகத் தோன்றும். கம்பனியில் இருப்பவர் ஒப்பந்தத்தில் காலவரையறையையும் பயன்பாட்டு நோக்கத்தையும் பார்க்கட்டும். ஊழியர் வேலையின் பகுதியாக எழுதும் நிரலின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், புலமைச் சொத்துச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி முதலாளிக்கே. அதனால் ஒப்பந்தம் தடுக்காவிட்டாலும் எழுத்தில் அனுமதி வேண்டும்.

திருநெல்வேலி_கேர்னல்:

பண்ணைக்கடல் அக்கா சொன்னதுதான் சரி. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில ஓடவைக்கிற வைன் திட்டத்திலும் இதே விதிதான்: விண்டோஸ் மூலநிரலைத் திருட்டில பாத்தாலும், ஒப்பந்தத்தில பாத்தாலும் பங்களிக்க ஏலாது. உங்கட ரெண்டு பேரும் டிரைவர் நிரலையும் குறிப்பையும் தொடவேண்டாம். நிறுவுறதுக்கான பொதி கட்டுறது, தமிழ் உதவிப் பக்கம் எழுதுறது மாதிரி வேலை இருக்கு.

உண்மையில அந்த மூலநிரல் உங்களுக்குத் தேவையே இல்லை. தமிழ் கேள்விக்குறியா விழுறது, பிரின்டரின்ர எழுத்து அட்டவணையில தமிழ் இல்லாததால. பாங்கோ எண்ட எழுத்து வரையிற நிரலகத்தால தமிழை வரைஞ்சு படமா அனுப்புங்கோ. பிரின்டர் செய்யிற எப்சன் கம்பனி தன்ர கட்டளைகளை வெளிப்படையா வெளியிட்டிருக்கு, கனக்க மலிவுப் பிரின்டரும் அதையே கேக்கும். பதின்மத்தில 29, 118, 48, 0 அனுப்பி, பிறகு அகலம், உயரம், கடைசியாப் படத் தரவு. 80 மில்லிமீற்றர் றோலில அச்சு அகலம் வழமையா 72 மில்லிமீற்றர். மில்லிமீற்றருக்கு 8 புள்ளிப்படி 576 புள்ளி, அதாவது 72 பைட். அகலத்துக்கு 72, 0 எண்டு (முதல் கீழ்ப் பைட், பிறகு மேல் பைட்) போடவேணும். கனபேர் 576ஐப் பைட் எண்டு நினைச்சுப் போடுவினம். அப்ப பிரின்டர் வராத தரவுக்குக் காத்துக்கொண்டு நிண்டு, அடுத்த பில்லையும் படமா விழுங்கும். உயரம் 200 வரி எண்டால் 200, 0, பிறகு சரியா 14,400 பைட்.

கையேட்டில இல்லாத கட்டளை ஏதும் தேவைப்பட்டால், பாக்காத ரெண்டு பேரில ஒருத்தர் முறையா வாங்கின பிரின்டரில அச்சடிச்சு, யூஎஸ்பி வழியாப் போற தரவைப் பிடிச்சுக் காட்டுற யூஎஸ்பிமொன்னும் வயர்ஷார்க்கும் வைச்சு என்ன பைட் போகுது எண்டு பிடிக்கட்டும். டிரைவரின்ர உரிமத்தில அதுக்குத் தடை இருக்கோ எண்டதை முதல் வாசியுங்கோ. ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துங்கோ: வெறும் வெள்ளை, ஒரு கறுப்புக் கோடு, பிறகு தாள் வெட்டு. பிடிச்ச கோப்பையும் திகதியையும் நிரல் களஞ்சியத்திலயே வையுங்கோ. எங்கயிருந்து தெரியும் எண்டு கேட்டால் அதைக் காட்டலாம். ஒவ்வொரு கமிட்டிலயும் (களஞ்சியத்தில பதியிற மாற்றத்தில) சைன்ட்-ஓஃப்-பை வரி, அதாவது இதைக் குடுக்க எனக்கு உரிமை இருக்கு எண்டு எழுதினவர் பேர் போடுற வரி, இருக்கட்டும்; லினக்ஸின்ர மையப் பகுதியான கேர்னலில 2004இல இருந்து அதுதான் நடைமுறை.

அந்த ரெண்டு பேரின்ர கமிட் ஏற்கனவே உள்ள போயிருந்தால் ரிவேர்ட் (மாற்றத்தைத் திருப்பிப் போடுறது) மட்டும் காணாது, வரலாற்றில நிரல் கிடக்கும். அவையின்ர முதல் கமிட்டுக்கு முந்தின நிலைக்குப் போய், மற்ற ரெண்டு பேரும் பழசைத் திறக்காமல் புதுக் களஞ்சியத்தில திரும்ப எழுதவேணும்.