புதுப்பிப்பு: ஃபொகாச்சா ஒருவழியாகப் பொங்கியது

இரவு முழுக்க மேசையில் வைத்த ஃபொகாச்சா (இத்தாலியத் தட்டைப் பாண்) மா காலையில் புளித்து, தொய்ந்து கிடந்ததென்று போன மாதம் புலம்பியிருந்தேன். ஈஸ்ட் பழையதென்று நினைத்தேன். பிழை அதில் இல்லை. திருகோணமலையில் கச்சான் என்ற வறண்ட, சூடான காற்று வீசும் நாட்களில் இரவிலும் சூடு தணியாது, ஈஸ்ட் அவசரப்பட்டுவிடும்.

இம்முறை 500 கிராம் கோதுமை மாவுக்குக் கால் தேக்கரண்டி ஈஸ்ட், 400 மில்லிலீட்டர் குளிர்ந்த தண்ணீர். குழைத்து ஒரு மணி நேரம் வெளியே, அப்புறம் விடியும்வரை பிரிட்ஜில். இத்தாலியின் ஜெனோவா நகரில் செய்வதுபோல் விரலால் குழி பதித்து, உப்புத்தண்ணீரும் ஒலிவ் எண்ணெயும் ஊற்றி, 220 பாகை செல்சியஸில் 25 நிமிடம். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. (நல்லெண்ணெயிலும் ஒரு துண்டு முயன்றேன். வேண்டாம்.)

அம்மா மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, “பாண் நல்லாத்தான் இருக்கு” என்றார்.