நம்ம வீட்டுப் பெண்கள் குழு: கர்ப்பப்பைக் கிருமி டெஸ்ட் எடுக்கலாமா?

சேலம் அக்கா: சித்தி, ஒரு சந்தேகம். போன முறை ஐவிஎஃப் என்ற செயற்கைக் கருத்தரிப்பில் கரு வைத்தும் தங்கவில்லை. இந்த முறை கர்ப்பப்பைக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். நல்ல கிருமி குறைந்தால் கரு ஒட்டாதாம். பணம் கட்டவா?

பெரியம்மா: என்னது, கர்ப்பப்பையில் கிருமியா! உடம்புச் சூடாகத்தான் இருக்கும். தினமும் தயிர் சாப்பிடு கண்ணு.

டாக்டர் சித்தி: பயப்படாதீங்க அக்கா, பிறப்புறுப்புக்குள் கிருமி இருப்பது இயல்புதான். 1892இலேயே ஜெர்மனியில் டோடர்லைன் என்ற டாக்டர் இதை எழுதிவிட்டார். பெரும்பாலும் லேக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமி இனம். லேக்டிக் அமிலம் சுரந்து பிஎச் என்ற புளிப்பு அளவை 4.5க்குக் கீழே வைத்திருக்கும் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்). அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பெருகாது. தயிர் உடம்புக்கு நல்லது, ஆனால் தயிரில் இருப்பது வேறு வகை. இங்கே காவல் இருப்பது கிரிஸ்பேட்டஸ் என்ற லேக்டோபேசில்லஸ் வகை.

சேலம் அக்கா: அப்போ டெஸ்ட் சரிதானே?

டாக்டர் சித்தி: அவசரப்படாதே தங்கம். 2016இல் ஸ்பெயினில் ஒரு ஆய்வு வந்தது. கர்ப்பப்பையில் லேக்டோபேசில்லஸ் 90 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தவர்களுக்குக் கரு தங்குவது குறைவு என்றார்கள். ஆனால் பார்த்தது 35 பெண்களை மட்டும். அங்கே கிருமிகள் மிகக் குறைவு, சாம்பிள் எடுக்கும் குழாய் கீழிருந்து போகும்போதே வழியிலுள்ளதும் ஒட்டிக்கொள்ளும். பிறகு டென்மார்க்கில், பிறப்புறுப்பில் கெட்ட கிருமி அதிகமிருந்த ஐவிஎஃப் பெண்களுக்கு ஆன்டிபயாடிக்கும் நல்ல கிருமியும் கொடுத்துப் பார்த்தார்கள். கர்ப்ப விகிதம் கூடவில்லை. ரிசல்ட் வந்தாலும் அதை வைத்து உனக்குச் செய்ய உறுதியான சிகிச்சை இல்லை. அந்தப் பணத்தைக் கையில் வை.

டாக்டர் சித்தி: அதைவிட, கருக்குழாய் அடைப்பும் கர்ப்பப்பை டிபியும் பார்த்தார்களா என்று கேள். நம் நாட்டில் கருக்குழாய் கெடுவதற்கு டிபி பெரிய காரணம். சத்தமில்லாமல் இருக்கும்.

கோவை அண்ணி: சின்னத்தை, இங்கே கேட்கலாமா தெரியவில்லை. எனக்கு வெள்ளைப்படுகிறது, மீன் வாடை மாதிரி. கடையில் வாஷ் வாங்கி உள்ளேயும் கழுவுகிறேன்.

டாக்டர் சித்தி: இங்கேதான்மா கேட்க வேண்டும். முதலில் அந்த வாஷை நிறுத்து. உள்ளே கழுவினால் நல்ல கிருமியும் போய்விடும். வாடையைக் கேட்டால் பாக்டீரியல் வஜைனோசிஸ் மாதிரி இருக்கிறது, அதாவது நல்ல கிருமி குறைந்து மற்றவை பெருகும் தொந்தரவு. அப்படியென்றால் மாத்திரையில் அடங்கும், ஆனால் பாதிப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் திரும்ப வரும். 2025இல் ஆஸ்திரேலியாவில் கணவருக்கும் சேர்த்து மாத்திரையும் தடவும் மருந்தும் கொடுத்தபோது, மூன்று மாதத்தில் திரும்ப வந்தது 63 சதவீதத்திலிருந்து 35ஆகக் குறைந்தது. நம்ம பையனையும் கூட்டிக்கொண்டு போ. மருந்துக் கடையில் நீயே கேட்டு வாங்காதே.

பெரியம்மா: அவனுக்கும் மாத்திரையா? வரட்டும், நான் சொல்கிறேன்.

டாக்டர் சித்தி: சேலத்துக்காரி, இன்னொன்று. கரு தங்காததற்கு உன் உடம்பு சுத்தமில்லை என்று யாராவது சொன்னால் என் நம்பரைக் கொடு. நான் பேசிக்கொள்கிறேன்.

சேலம் அக்கா: சரி சித்தி. வியாழக்கிழமை போகிறேன், டிபி பற்றிக் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.