டிராப் இன்: போர்டு மட்டும் போகிறது, நான் போகவில்லை. அவசரம்

கடலோரக்காத்தான்: வணக்கம். ஸ்கேட்போர்டில் பெரிய ராம்ப்பின் உச்சி விளிம்பிலிருந்து கீழே இறங்க, அதாவது டிராப் இன் செய்ய, மூன்று வாரமாக முயல்கிறேன். ஒவ்வொரு முறையும் போர்டு முன்னால் ஓடிவிடுகிறது, நான் பின்பக்கம் விழுகிறேன். நேற்று வால் எலும்பில் அடி. சனிக்கிழமை மறுபடி போகிறேன். என்ன தப்பு?

மணல்வீடு: எத்தனை அடி ராம்ப்? என்ன போர்டு, என்ன சக்கரம்? முழங்கால் காப்பு, ஹெல்மெட் போடுகிறீர்களா?

ட்ரக்_தாமு: ட்ரக், அதாவது சக்கரங்களைப் போர்டோடு பிணைக்கும் அச்சு, அதன் நட்டை அரைச்சுற்று இறுக்குங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதுதான் வியாதி. தளர்வாக இருந்தால் முன்சக்கரம் இறங்கும்போது ஆடும்.

மணல்வீடு: அவர் ஆடுகிறது என்று சொல்லவே இல்லையே.

ட்ரக்_தாமு: ஆடினால்தான் ஓடும்.

வெர்ட்_வாத்தியார்: மாதம் இரண்டு முறை இதே கேள்வி. பழைய இழைகளைப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. பின்சக்கரம் விளிம்புக் குழாய்க்கு உள்ளே, போர்டின் வால் ராம்ப்பின் உச்சி மேடைமேல், வாலில் பின்கால். முன்காலை முன் போல்ட்டுகளின் மேல் வைத்து ஒரே மிதி. உடம்பு தரைக்குச் செங்குத்தாக நிற்கக் கூடாது, ராம்ப்பின் சரிவுக்குச் செங்குத்தாகச் சாய வேண்டும். போர்டு சரியும்போது நீங்கள் நிமிர்ந்தே நின்றால் அது உங்களை விட்டுவிட்டுத்தான் போகும். பயம்தான் காரணம். நட்டு இல்லை.

சேலத்து_அனு: விஷயம் சரி. ஆனால் பயந்தவரிடம் பயம் என்று சொன்னால் போய்விடுமா? முன்கையால் முன்சக்கரத்தைத் தொடப்போவதுபோல் குனியுங்கள், எடை தானாக முன்னால் வரும். எனக்குத் தோழி ஒருத்தி கீழே நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பத்து தடவைக்கு அப்புறம் அவளுக்குத்தான் கை வலி.

செந்தமிழ்ச்செல்வம்: ராம்ப்புக்குச் சாய்தளம் என்ற நல்ல சொல் இருக்கிறதே.

மணல்வீடு: சாய்தளம் சக்கர நாற்காலிக்கு ஐயா. இது வளைவு, மேலே போகப் போகச் செங்குத்தாகும். வெர்ட் ராம்ப்பின் மேல்முனை சுவர் மாதிரியே இருக்கும். சாய்தளம் என்று நம்பி நின்றால் ஆஸ்பத்திரிதான்.

செந்தமிழ்ச்செல்வம்: அப்படியானால் வளைதளம்.

ட்ரக்_தாமு: வளைதளமோ விளைநிலமோ, நட்டை இறுக்குங்கள்.

கடலோரக்காத்தான்: மன்னிக்கவும், வேலை. சிங்கப்பூர், ஈஸ்ட் கோஸ்ட் பார்க். உயரம் அளக்கவில்லை, என் நெற்றி வரை வரும். கடற்கரையோரம் ஓட்டுகிற லாங்போர்டுதான். சக்கரத்தில் 70 மி.மீ., கடினம் 78ஏ என்று இருக்கிறது. வயது 41. சைக்கிள் ஹெல்மெட் உண்டு. முழங்கால் காப்பு போட்டால் அங்கே பசங்கள் சிரிப்பார்கள்.

மணல்வீடு: லாங்போர்டா! இதை முதல் வரியிலேயே சொல்லக் கூடாதா? வால் நிமிர்ந்திருக்கிறதா, தட்டையா? தட்டை என்றால் மேடைமேல் மிதித்து நிற்கவே வழியில்லை.

வெர்ட்_வாத்தியார்: அந்த மெத்துச் சக்கரம் சாலைக்கு. ராம்ப்புக்கு 54 முதல் 60 மி.மீ., கடினம் 95ஏக்குக் குறையாமல். மூன்றடியில் இருபது முறை இறங்காமல் நெற்றி உயரத்துக்கு ஏன் போனீர்கள்? முழங்கால் காப்பு அலங்காரம் இல்லை. வெர்ட்டில் தவறினால் அந்தப் பிளாஸ்டிக் மூடியில் சறுக்கித்தான் கீழே வருவார்கள். 1999 எக்ஸ் கேம்ஸ் போட்டியில் ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் 900 டிகிரி சுழற்சியை முடிப்பதற்குள் எத்தனை தடவை விழுந்து எழுந்தார் என்று பாருங்கள். அவரும் காப்பு போட்டவர்தான்.

சேலத்து_அனு: சைக்கிள் ஹெல்மெட்டையும் மாற்றுங்கள்.

ட்ரக்_தாமு: எதற்கு? ஐரோப்பிய இஎன் 1078 தரம் சைக்கிளுக்கும் ஸ்கேட்போர்டுக்கும் ஒன்றுதான்.

சேலத்து_அனு: தரம் ஒன்று, வடிவம் வேறு. ஸ்கேட் ஹெல்மெட் பின்மண்டையில் இன்னும் கீழே இறங்கும். அவர் விழுவது எந்தப் பக்கம் என்று மறுபடி படியுங்கள். மணிக்கட்டுக் காப்பும் வேண்டும், பின்னால் விழுபவர் கையைத்தான் ஊன்றுவார்.

ட்ரக்_தாமு: என்னமோ.

கடலோரக்காத்தான்: இரவல் போர்டு கிடைத்தது. மூன்றடியில் ஏழாவது முறை இறங்கிவிட்டேன். பெரியதன் பக்கம் போகவில்லை. பசங்கள் சிரிக்கவில்லை, அவர்களும் காப்பு போட்டிருந்தார்கள். நன்றி.

ட்ரக்_தாமு: நட்டை இறுக்கினீர்களா?