‘வெயிட் ஸ்டேட்’டுக்குத் தமிழில் என்ன சொல்: பொறுநிலையா, தூங்குநிலையா?

பாளையங்கோட்டையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பட்டயப்படிப்பு மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வெளி நினைவகச் சில்லுகளைப் பற்றிய இயலில் மட்டும் சொல் முடிவாகாமல் நிற்கிறது. முந்தைய வரைவில் எல்லாவற்றுக்கும் ‘தாமதம்’ என்றே எழுதியிருந்ததால், 24எல்சி256 சில்லில் எழுதிய பிறகு விடவேண்டிய இடைவெளியை மாணவர்கள் படிக்கும் இடத்திலும் விடுகிறார்கள். அந்தச் சில்லு, எழுதிய பைட்டுகளைத் தனக்குள் பதிந்துகொள்ள 5 மில்லிநொடி வரை எடுத்துக்கொள்ளும். அதுவரை எந்த அழைப்புக்கும் மறுமொழி தராது. 64 பைட்டுகளை ஒரு பக்கமாக அனுப்பினால் இந்த 5 மில்லிநொடி ஒருமுறைதான். ஒவ்வொன்றாக அனுப்பினால் பதிவுக்கே 320 மில்லிநொடி வரை போய்விடும். படிப்பதற்கோ இத்தகைய இடைவெளி தேவையே இல்லை.

இது சில்லு எடுத்துக்கொள்ளும் நேரம். ‘வெயிட் ஸ்டேட்’ எனப்படும், செயலி நிற்கும் நிலை வேறு. 8085 செயலியில், நினைவகம் ஆயத்தமா என்று அறிவிக்கும் ‘ரெடி’ முனை தாழ்ந்திருக்கும்வரை, செயலி ஒவ்வொரு கடிகாரத் துடிப்பாக நின்று, மெதுவான நினைவகத்துக்கு இடம் கொடுக்கிறது. சில்லின் நேரத்துக்கு ‘அணுகு நேரம்’, ‘பதிவு நேரம்’ என்றும், செயலி நிற்பதற்குப் ‘பொறுநிலை’ என்றும் வைக்கலாம் என்பது என் கருத்து.

தென்காசியிலிருந்து

தம்பி, பொறுத்தல் என்றால் சுமத்தலும் மன்னித்தலும் முன்னே வந்து நிற்கும். இங்கே செயலி எதையும் சுமக்கவில்லை. வினைசெயல்வகை அதிகாரத்தைப் பாருங்கள். ‘தாழ்ச்சியுள் தங்குதல் தீது’ என்று 671ஆம் குறள் காலம் கடத்துவதைக் கடிகிறது. அடுத்த குறளோ ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று, நிதானித்துச் செய்யவேண்டிய வினையில் நிதானிக்கவே சொல்கிறது. உங்கள் செயலி சோம்பி நிற்கவில்லை, நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது. ஆகவே தூங்குநிலை என்பதே பொருந்தும். தூங்குதலுக்குத் தொங்குதல், அசைதல் என்ற பொருள்களும் உண்டு. தூக்கணாங்குருவியின் கூடும், வஞ்சிப்பாவின் தூங்கலோசையும், தூங்கானை மாடமும் நம் நினைவுக்கு வரவேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

அண்ணாச்சி, குறள் சான்று வலுவானதுதான். ஆனால் நுண்கட்டுப்படுத்திகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செயலியை உறங்கவைக்கும் நிலை ஒன்று தனியே இருக்கிறது. அதில் செயலிக்குத் துடிப்பே போகாது. நாம் பேசும் நிலையில் துடிப்பு ஓடிக்கொண்டேயிருக்கும். தூங்குநிலை என்று அச்சிட்டால் மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வது உறுதி. நம் வட்டாரத்தில் நாவில் புழங்கும் ‘பைய’ என்பதைக் கொண்டு பையநிலை என்று ஆக்கலாம் என நினைத்தேன்; குறளிலும் ‘பைய நகும்’ என்று வருகிறது. ஆனால் அது 8051 என்ற நுண்கட்டுப்படுத்திக்குத்தான் பொருந்தும். அதில் ‘ரெடி’ முனை கிடையாது. 12 மெகாஹெர்ட்ஸில் வெளித் தரவு நினைவகத்தை ஒருமுறை அணுக எப்போதும் 2 மைக்ரோநொடிதான், கூட்டவோ குறைக்கவோ இயலாது. சில்லு அதற்கும் மெதுவாக இருந்தால், துடிப்பின் வேகத்தை வகுக்கும் படிகத்தையே மாற்றிக் கடிகாரத்தைப் பைய ஓடவிட வேண்டும். அது நிற்பதல்ல. எனவே யாருக்கும் விளங்கும் ‘காத்திருப்பு நிலை’யே போதும்.

பாளையங்கோட்டையிலிருந்து

மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் காத்திருப்பு நிலைக்கே இசைந்துவிட்டதால் கையேட்டில் அதையே இடுகிறேன். எழுதும் குறிகை முடிவதற்கு முன்னும் பின்னும் தரவு அசையாமல் இருக்கவேண்டிய நேரங்களுக்குச் சொல் இன்னும் அமையவில்லை. வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

தென்காசியிலிருந்து

அச்சேறட்டும் தம்பி, தடுக்கமாட்டேன். ஆனாலும் காத்தலில் காவலும் கலந்திருக்கிறது, செயலி எதற்கும் காவல் நிற்கவில்லை. என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். நீங்கள் கேட்ட மற்ற இரண்டுக்கும் ‘முன்நிலைப்பு’, ‘பின்நிலைப்பு’ என்பவற்றைக் கருதிப் பாருங்கள்.